ஷாலோ குளோனை எச்டிடிபி வழியாகவே சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்ப இணைப்பில் அண்மையில் வெளியான, கிட் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெரிய களஞ்சியங்களை முழு வரலாற்றோடு இறக்கிக்கொண்டிருக்காமல், அண்மைக் கமிட்டுகளை, அதாவது பதிந்து வைத்த மாற்றங்களை, மட்டும் பெற்றுக்கொள்ளும் ஷாலோ குளோன் (ஆழமற்ற நகல்) முறையைக் கட்டுரையாளர் மாணவர்களுக்குப் பரிந்துரைத்திருப்பது சரியானதே; கைப்பேசி டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்துகொண்டு படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். ஆனால், கட்டுரையின் பிற்பகுதியில், கல்லூரிக்கோ சிறிய அலுவலகத்துக்கோ சொந்தமாகக் கிட் சர்வர் அமைப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. ஷாலோ குளோன் சரியாக இயங்குகிறதா என்பதை ஒரே கணினியில் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொரு கோப்புறைக்கு எடுத்துப் பார்த்தால் போதும், அதையே இணையவழியில் தருவது வெப் சர்வரின் வேலை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். கிட் சர்வர்களைப் பராமரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தச் சோதனை எதையும் சோதிப்பதில்லை என்பதையும், எச்டிடிபி வழியாகத் தரப்போகும் ஷாலோ குளோனை எச்டிடிபி வழியாகவே சோதித்தாக வேண்டும் என்பதையும் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எதையும் சோதிப்பதில்லை என்று நான் சொல்வது மிகையன்று. மூலக் களஞ்சியத்தை வெறும் கோப்புறைப் பாதையாகக் கொடுத்து, ஆழம் 1 (அதாவது கடைசிக் கமிட் மட்டும்) என்று குறிப்பிட்டுக் குளோன் எடுத்தால், கிட் அந்த ஆழத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. ஒரே வட்டில் இருக்கும் களஞ்சியம் என்பதால், அது பேச்சுவார்த்தை எதிலும் இறங்காமல், மூலத்தின் பொருள்களை ஹார்ட்லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) மூலம் அப்படியே இணைத்துக்கொண்டு முழு வரலாற்றையும் தந்துவிடுகிறது. உள்ளூர் குளோனில் டெப்த் (ஆழம்) விருப்பம் புறக்கணிக்கப்படுகிறது, அதற்குப் பதிலாக ஃபைல் என்று தொடங்கும் முகவரியைப் பயன்படுத்துக என்று ஓர் எச்சரிக்கை வரி திரையில் ஓடத்தான் செய்கிறது. ஆனால் பிழை ஏதும் எழாமல் குளோன் முடிந்துவிடுவதால், அந்த வரியைப் படிப்பவர் குறைவு. எடுத்த நகலில் எத்தனை கமிட்டுகள் இருக்கின்றன என்று லாக் கட்டளையால் எண்ணிப் பார்த்திருந்தால், ஒன்றுக்குப் பதில் அத்தனையும் வந்திருப்பது கட்டுரையாளருக்கே தெரிந்திருக்கும். கிட் திட்டத்தின் சொந்தச் சோதனைகளில் உள்ளூர் களஞ்சியத்திலிருந்து ஷாலோ குளோன் எடுக்கும்போதெல்லாம், உள்ளூர்க் குறுக்குவழியைத் தவிர்க்கும்படி ஒரு தனி விருப்பம் சேர்க்கப்பட்டிருப்பது இதனால்தான்.

சரி, எச்சரிக்கை சொல்கிறபடியே ஃபைல் முகவரியைக் கொடுத்துச் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். அது ஒரு படி முன்னேற்றம்தான். அப்போது அப்லோட்-பேக் என்னும் சர்வர் பக்க நிரல் உண்மையாகவே இயங்குகிறது, ஆழம் கணக்கிடப்படுகிறது, வரலாறு எங்கே வெட்டப்பட்டதோ அந்தக் கமிட்டுகளின் அடையாள எண்கள், நகலின் கிட் கோப்புறைக்குள் ஷாலோ என்ற பெயரிலான ஒரு சிறிய கோப்பில், வரிக்கு ஒன்றாக எழுதப்படுகின்றன. அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் கமிட்டைக் கிட் பெற்றோர் அற்றதாகவே நடத்தும். உண்மையில் கமிட்டுக்குள் பெற்றோரின் எண் மாறாமல் அப்படியே இருந்தாலும், அதைத் தேடிப் போகாது. ஷாலோ குளோன் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். ஆனால் ஃபைல் முகவரியிலும் எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியிலும், கிளையன்டும் சர்வரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இணைப்பில், ஒரே நிரல் ஓட்டத்தில் பேசிக்கொள்கின்றன. முதலில் என்ன கேட்கப்பட்டது, எந்த எல்லை ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதெல்லாம் சர்வர் பக்க நிரலின் நினைவில் கடைசிவரை இருக்கின்றன. எச்டிடிபியில் அந்த நினைவு கிடையாது.

ஸ்மார்ட் எச்டிடிபி என்று அழைக்கப்படும் முறை 2009-ஆம் ஆண்டின் இறுதியில், 1.6.6 பதிப்பில் கிட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பு இருந்த டம் எச்டிடிபி, களஞ்சியத்தின் கோப்புகளைச் சாதாரண வலைப்பக்கங்களைப் போல ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளும் முறை. அங்கே சர்வர் பக்கத்தில் சிந்திக்க எந்த நிரலும் இல்லாததால், ஆழம் கேட்டால் டம் எச்டிடிபி அதை ஆதரிக்காது என்று சொல்லிக் கிட் நின்றுவிடும். தோல்வி என்றால் இப்படித்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிக்கல் முழுவதும் ஸ்மார்ட் முறையில்தான் இருக்கிறது. அதில் கிளையன்ட் முதலில் ஒரு கெட் கோரிக்கை அனுப்பி, சர்வரில் உள்ள கிளைகளின் பட்டியலையும் சர்வரின் திறன்களையும் பெறுகிறது. பிறகு தனக்கு வேண்டிய கமிட்டுகளையும் ஆழத்தையும் ஒரு போஸ்ட் கோரிக்கையில் சொல்கிறது. சர்வர் எல்லைக் கமிட்டுகளை ஷாலோ என்று தொடங்கும் வரிகளாகத் தருகிறது. அதன்பின் தன்னிடம் ஏற்கெனவே உள்ளவற்றைக் கிளையன்ட் இன்னொரு போஸ்டில் சொல்கிறது. ஒவ்வொரு போஸ்டுக்கும் சர்வரில் அப்லோட்-பேக் புதிதாகப் பிறந்து, பதில் சொல்லி, முடிந்துபோகிறது. ஒவ்வொரு முறை வரிசையில் போய் நிற்கும்போதும் புதிய எழுத்தர் அமர்ந்திருக்கும் அலுவலக ஜன்னலைப் போன்றது இது: மனுவை முதல் வரியிலிருந்து மறுபடியும் சொல்லியாக வேண்டும், அவரும் முந்தையவர் சொன்ன முன்னுரையை மறுபடியும் சொல்லித்தான் விஷயத்துக்கு வருவார்.

இந்த முன்னுரைதான் ஷாலோ வரிகள். தன் பதில் முதல் சுற்றுக்கானதா, மூன்றாம் சுற்றுக்கானதா என்று சர்வருக்குத் தெரியாததால், அது ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் ஷாலோ வரிகளைச் சேர்த்தே அனுப்புகிறது. கிளையன்ட் முதல் பதிலில் வருபவற்றை மட்டும் ஏற்று, பிறகு வருபவற்றைப் படித்துத் தூக்கியெறிய வேண்டும். ஃபைல் முகவரியில் நடக்கும் சோதனையில் இந்தப் படித்துத் தூக்கியெறியும் வேலைக்கே இடமில்லை. ஆகவே, அந்த வேலையில் பிழை இருந்தால் அது எச்டிடிபியில் மட்டுமே தெரியும்.

அப்படி ஒரு பிழை உண்மையில் இருந்தது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த கிட் 1.9, ஷாலோ களஞ்சியங்களின் நிலையையே மாற்றிய பதிப்பு. அதுவரை ஒரு ஷாலோ நகலிலிருந்து மற்றொருவர் குளோனோ ஃபெட்சோ (ஏற்கெனவே உள்ள நகலுக்குப் புதிய கமிட்டுகளைப் பெறுவது) எடுக்க அனுமதியில்லை; நுயென் தாய் நொக் டூய் என்ற பங்களிப்பாளரின் பெரும் உழைப்பால் அந்தத் தடை நீங்கியது. அதே காலத்தில், ஸ்மார்ட் எச்டிடிபி வழியாக ஷாலோ நகலின் ஆழத்தைக் கூட்டும்போது ஃபெட்ச் முறிவதை மற்றொரு பங்களிப்பாளரான ஜெஃப் கிங் சுட்டிக்காட்டினார். காரணம், நோ-டன் என்ற ஒரு சிக்கன ஏற்பாடு. வழக்கமாக, இருவருக்கும் பொதுவான கமிட்டுகள் தெரிந்தவுடன் சர்வர் தயார் என்று பதில் சொல்லி அந்தச் சுற்றை முடிக்கும். கிளையன்ட் இன்னொரு போஸ்டில் முடிந்தது என்று சொன்ன பிறகே தரவு வரும். நோ-டன் இயங்கும்போது அந்தக் கடைசிச் சுற்று வெட்டப்பட்டு, தயார் என்ற சொல்லும் இறுதி ஒப்புதலும் ஒரே பதிலில் வந்துவிடும். கிளையன்ட் முடிந்தது என்று சொல்லாமல் இருக்கக் கற்றிருந்தது. ஆனால் புதிய பதில் ஒன்று வரும், அதன் தலையில் ஷாலோ வரிகள் இருக்கும் என்ற பழைய எதிர்பார்ப்பை மட்டும் விடவில்லை. சர்வர் பேச்சை முடித்துக்கொண்ட பிறகும், வராத வரிகளைப் படிக்க முயன்றுகொண்டிருந்தது. திருத்தம் மிகச் சிறியது, அடுத்த 1.9.1 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தோடு எழுதப்பட்ட சோதனைதான் என் பார்வையில் திருத்தத்தைவிடப் பெரிய பாடம்.

அந்தச் சோதனை இன்று கிட் மூலநிரலில் டி5539 என்ற எண்ணுள்ள கோப்பில் இருக்கிறது. முதலில் அது பொதுவான ஷாலோ சோதனைகள் அடங்கிய டி5537 கோப்பின் நடுவில் இருந்தது. எச்டிடிபி சோதனை என்றால் அப்பாச்சி என்னும் உண்மையான வெப் சர்வர் ஒன்றை அங்கேயே கிளப்ப வேண்டும். கணினியில் அப்பாச்சி இல்லையென்றால் அந்தக் கோப்பின் எஞ்சிய சோதனைகளை ஓட்ட முடியாது. சர்வரைக் கிளப்பும் கட்டளை கோப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டுமே தவிர நடுவில் அல்ல என்பதால், எச்டிடிபி பகுதிகள் பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்பாயின. சோதனையின் எண்ணே அந்த அப்பாச்சி கேட்கும் போர்ட் எண்ணாகவும் அமைவது ஒரு சின்ன வசதி: பல கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றின் சர்வர் மற்றொன்றின் மேல் மோதாது.

அந்தக் கோப்பின் முதல் சோதனை எளிமையானது. 1 முதல் 7 வரை பெயரிட்ட ஏழு கமிட்டுகள் போடப்படுகின்றன. ஆழம் 5 என்று ஒரு ஷாலோ நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல் அப்பாச்சியின் கோப்புறைக்குள் வைக்கப்பட்டு, அங்கிருந்து எச்டிடிபி வழியாக இன்னொரு குளோன் எடுக்கப்படுகிறது. எடுத்த பிறகு எஃப்எஸ்சிகே கட்டளையால் களஞ்சியம் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வரலாற்றில் 7, 6, 5, 4, 3 என்ற ஐந்து மட்டுமே, அந்த வரிசையிலேயே இருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள். குளோன் கட்டளை வெற்றி என்று சொல்லிவிட்டதே என்று அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை, மேலே சொன்ன பிழைக்கானது. இதை எழுதியவர் ஒரு தொல்லையைச் சந்தித்திருக்கிறார்: கிளையன்டிடம் சொல்வதற்குக் கமிட்டுகள் குறைவாக இருந்தால், அது எல்லாவற்றையும் முதல் தவணையிலேயே சொல்லி, முடிந்தது என்ற சொல்லையும் கையோடு சேர்த்து அனுப்பிவிடும். அப்போது பிழை ஒளிந்திருக்கும் பாதைக்குள் பேச்சு நுழையவே நுழையாது. கிளையன்ட் முதல் தவணையில் 16 கமிட்டுகள் வரை சொல்லிவிட்டுச் சர்வரின் பதிலுக்காக நிற்கும் என்பதால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத 15 கிளைகளை ஒரு சுழற்சியில் உருவாக்கி, அவற்றைச் சர்வரிலும் கிளையன்டிலும் வைத்து, பேச்சை வேண்டுமென்றே நீட்டுகிறார்கள். பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்கு மாற்றும்போது இந்தச் சுழற்சியின் எண்ணிக்கையைக்கூடத் திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் பழைய கோப்பில் முந்தைய சோதனைகள் விட்டுச்சென்ற கிளைகள் புதிய கோப்பில் இல்லை. எண்ணிக்கையைத் திருத்தாமல் விட்டிருந்தால் சோதனை பச்சை காட்டிக்கொண்டே, எதையும் காவல் காக்காமல் நின்றிருக்கக்கூடும்.

அப்படி நிற்காதபடி பார்த்துக்கொள்வதும் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. ஆழம் 2 என்று ஃபெட்ச் செய்யும்போது, கிட் டிரேஸ் பேக்கெட் என்ற சூழல் மாறியின் உதவியால் உரையாடல் முழுவதும் ஒரு கோப்பில் பதியப்படுகிறது. ஃபெட்ச் முடிந்ததும் அந்தக் கோப்பில் சர்வர் தயார் என்று சொன்ன வரி இருக்க வேண்டும், கிளையன்ட் முடிந்தது என்று சொன்ன வரி இருக்கக் கூடாது என்ற இரண்டையும் தேடிப் பார்க்கிறார்கள். அதாவது, தரவு வந்து சேர்ந்ததா என்பதோடு, தாங்கள் நினைத்த வழியாகத்தான் வந்ததா என்றும் கேட்கிறார்கள். ஷாலோ குளோன் சோதனை எழுதும் எவரும் இந்த ஒரு பழக்கத்தையாவது கைக்கொள்ள வேண்டும் என்பேன். எதிர்பார்ப்பைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டதாக அந்தச் சோதனைக்குள்ளேயே பின்னாளில் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் உரையாடலின் வடிவம் வேறாக இருப்பதால், அந்த ஒரு கட்டளை பழைய பதிப்பில் மட்டும் ஓடும்படி கட்டப்பட்டிருக்கிறது. அந்த விலை கொடுக்கத்தக்கதே.

அப்பாச்சியைக் கிளப்பி நடத்தும் இத்தகைய சோதனைகள் கனமானவை என்பதால், அந்தக் காலம் வரை கிட் திட்டத்தில் அவை இயல்பாக ஓடுவதில்லை. விரும்புகிறவர் தனியாக ஓர் அமைப்பை மாற்றித்தான் ஓட்ட வேண்டும். 2014 பிப்ரவரியிலேயே ஜெஃப் கிங் அந்த வழக்கத்தை மாற்றி, அப்பாச்சி இருக்கும் கணினிகளில் அவை தாமாகவே ஓடும்படி செய்தார். எச்டிடிபியைத் தொடுகிறோம் என்ற உணர்வே இல்லாமல் அடியில் உள்ள நிரலை மாற்றி எச்டிடிபியை உடைத்துவிடுவது மிக எளிது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கிட்டை எழுதுகிறவர்களுக்கே இந்த அச்சம் இருக்கும்போது, அதை நிறுவிப் பயன்படுத்துகிறவர்கள் கோப்புறைக்குக் கோப்புறை எடுத்துப் பார்த்து நிம்மதி அடையலாகாது.

அப்பாச்சியில் ஓடிவிட்டது, ஆகவே எல்லா வெப் சர்வரிலும் ஓடும் என்று எண்ணிவிடவும் முடியாது. இதற்கும் ஓர் உண்மை நிகழ்வு உண்டு, அது கட்டுரையாளரின் அறிவுரைக்கு நேர் எதிரான சான்று. ஆழம் குறிப்பிட்ட கோரிக்கைகளில், கிளையன்ட் தன் முதல் போஸ்டில் வேண்டியவற்றையும் ஆழத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, ஷாலோ வரிகளைப் பெற்றுக்கொண்டு அந்தக் கோரிக்கையை முடித்துக்கொள்ளும் என்று முன்பு சொன்னேன். சர்வரில் ஓடும் அப்லோட்-பேக், வரிகளை அனுப்பிய கையோடு, கிளையன்டின் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்து, அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, மறுமுனை எதிர்பாராமல் துண்டித்துவிட்டது என்று அலறிப் பிழைக் குறியீட்டோடு இறந்துபோகும். அனுப்ப வேண்டியதை அது முன்பே அனுப்பிவிட்டதால், நிரலின் வெளியேறும் குறியீட்டைக் கவனிக்காத அப்பாச்சியின், வெளி நிரல்களை இயக்கும் சிஜிஐ பகுதியில் கிளையன்டுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. சர்வரின் பதிவேட்டில் மட்டும் அந்த அலறல் வரி நிரம்பிக்கொண்டிருக்கும். குறியீட்டைக் கவனிக்கும் வேறு சர்வர்களிலோ, அதே கோரிக்கைக்கு 500 என்ற பிழை எண் திரும்பி, ஷாலோ குளோன் தொடக்கத்திலேயே முறிந்துவிடும். முழுக் குளோன் அங்கே பழுதின்றி ஓடும் என்பதுதான் இதில் தலைவலி. நிர்வாகி தன் சர்வர் நலமாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். 2020-ஆம் ஆண்டின் இறுதியில்தான் இது சீர்செய்யப்பட்டது: இப்போது அப்லோட்-பேக் அந்த இடத்தில் மெல்ல எட்டிப் பார்த்து, மறுமுனை போய்விட்டிருந்தால் தானும் அமைதியாக வெளியேறுகிறது. பழைய கிட்டோடு ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன என்பதால், பதிவேட்டைத் திறந்து பார்ப்பதும் சோதனையின் பகுதியாக வேண்டும்.

இன்னொரு கோணமும் உண்டு, அது அளவு சார்ந்தது. கிட் கிளையன்ட் தன் போஸ்ட் கோரிக்கை 1024 பைட்டுகளைத் தாண்டும்போது அதை ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்புகிறது. முதன்முறை எடுக்கும் ஷாலோ குளோனின் கோரிக்கை, ஒரே கிளை, ஒரே ஆழம் என்பதால் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சில வாரங்கள் கழித்து அதே நகலில் ஃபெட்ச் செய்யும்போது, கையில் உள்ள கமிட்டுகளையெல்லாம் அடுக்கிச் சொல்ல வேண்டியிருப்பதால், கோரிக்கை பெருத்துச் சுருக்கப்பட்டுப் போகும். சுருக்கப்பட்ட கோரிக்கையை விரிக்கத் தெரியாத இடைச் சர்வரோ, வீட்டிலேயே எழுதிய சிறு வெப் நிரலோ நடுவில் இருந்தால், முதல் நாள் வென்ற சோதனை பிறகு தோற்கும். ஏழு கமிட்டு உள்ள பொம்மைக் களஞ்சியத்தில் ஒரேயொரு குளோன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்வரைத் திறந்துவிடும் வழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக இருப்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். சோதனைக் களஞ்சியத்தில் கிளைகளும் டேக்குகளும் நிறைய இருக்க வேண்டும், குளோனுக்குப் பிறகு மூலத்தில் புதிய கமிட்டுகள் சேர்க்கப்பட வேண்டும், அதன்பின் ஃபெட்ச், பிறகு ஆழத்தைக் கூட்டுதல், கடைசியாக முழு வரலாற்றையும் கேட்டல் என்று நகலை அதன் வாழ்நாள் முழுவதும் நடத்திப் பார்க்க வேண்டும்.

ஃபெட்சுக்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குப் பிழைகள் மட்டும் காரணமல்ல. ஷாலோ நகலைப் புதுப்பிப்பது சர்வருக்குச் சில வேளைகளில் முழு நகலைப் புதுப்பிப்பதைவிடப் பெரும் சுமையாகிவிடும். 2016-இல் ஐஓஎஸ் நிரலாளர்கள் பயன்படுத்தும் கோகோபாட்ஸ் திட்டத்தின் களஞ்சியம் கிட்ஹப் சர்வர்களை வாட்டியபோதும், 2020-இல் ஹோம்ப்ரூ திட்டம் தன் பயனர்களின் ஷாலோ நகல்களை முழு நகல்களாக மாற்றச் சொன்னபோதும் பின்னணியில் இருந்தது இதுவே. ஹோம்ப்ரூ தன் செய்தியில் இது கிட்ஹப் கேட்டுக்கொண்டதன் பேரில் என்றே வெளிப்படையாகத் தெரிவித்தது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற தானியங்கி அமைப்புகள் இயல்பாகவே ஆழம் 1 என்று எடுப்பதில் தவறில்லை, ஏனென்றால் அங்கே வேலை முடிந்ததும் நகல் தூக்கியெறியப்படுகிறது. மாணவர் ஒருவர் ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு நாள்தோறும் புதுப்பிக்கும் நகலின் கதை வேறு. கல்லூரி சர்வர் ஒரு வகுப்பின் சுமையைத் தாங்குமா என்பதை, ஒரே நேரத்தில் பல ஷாலோ ஃபெட்சுகளை எச்டிடிபி வழியாக ஓடவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில் அறிய முடியாது.

நெறிமுறையின் இரண்டாம் பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். கிட் 2.18-இல் வந்து, 2020 மார்ச்சில் 2.26 பதிப்போடு முதன்முறையாக இயல்பான தேர்வான அந்தப் பதிப்பில், சர்வரின் பதில் ஒப்புதல்கள், ஷாலோ தகவல், தரவுப் பொதி என்று தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து வருவதால், நான் மேலே விவரித்த குழப்பங்களில் பல எழ வாய்ப்பில்லை. ஆனால் தனக்கு இரண்டாம் பதிப்பு வேண்டும் என்பதைக் கிளையன்ட் ஓர் எச்டிடிபி தலைப்பு வரியில்தான் சொல்கிறது. நடுவில் உள்ள பிராக்ஸி என்னும் இடைச் சர்வர் அந்த வரியை விழுங்கிவிட்டாலோ, வெப் சர்வர் அதை உள்ளே இருக்கும் நிரலுக்குக் கடத்தாவிட்டாலோ, இரு தரப்பும் ஓசையின்றிப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். பயனருக்கு எந்த அறிவிப்பும் வராது. ஆகவே புதிய கிட் போட்டிருக்கிறோம் என்ற காரணத்தால் பழைய உரையாடலைச் சோதிக்காமல் விட முடியாது. பதிப்பைக் கட்டளை வரியிலேயே குறிப்பிட முடியும் என்பதால், அதே சோதனையைப் பழைய பதிப்பான பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பது பெரிய வேலையும் அல்ல.

கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் சர்வர் அமைப்பைப் பற்றி மேலும் எழுதப்போவதாகக் கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். அதில், ஷாலோ குளோனைச் சோதிப்பவர், மாணவர்கள் எந்த முகவரியில் எடுக்கப்போகிறார்களோ அதே எச்டிடிபி முகவரியில், அதே வெப் சர்வரும் பிராக்ஸியும் நடுவில் இருக்கும்படி, வேறொரு கணினியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்குமாறு தங்கள் வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த நகல் உண்மையில் ஷாலோதானா என்பதை ரெவ்-பார்ஸ் கட்டளையின் ஈஸ்-ஷாலோ-ரெப்பாசிட்டரி விருப்பம் ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். ஆழம் 1 என்று எடுத்த நகலில் லாக் ஒரே கமிட்டைக் காட்ட வேண்டும், எஃப்எஸ்சிகே குறை சொல்லக் கூடாது, சர்வரின் பதிவேட்டில் எதிர்பாராத துண்டிப்பு என்ற வரி இருக்கக் கூடாது. ஏற்கெனவே கட்டுரையைப் படித்து ஷாலோ நகல் எடுத்துவிட்ட மாணவர்கள், வளாகத்தில் கம்பிவழி இணைப்பு கிடைக்கும் ஒரு நாளில் ஃபெட்ச் கட்டளையோடு அன்ஷாலோ விருப்பத்தைக் கொடுத்து முழு வரலாற்றையும் பெற்றுக்கொள்ளலாம் என்பதையும், மீண்டும் குளோன் எடுக்கத் தேவையில்லை என்பதையும் அந்தப் பகுதியிலேயே தெரிவித்தால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.